திக்லிபூர் பஸ் விதிப்படி ஓடியவன்

ஓட ஆரம்பிக்கிறவனுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஷூ விற்கிற கடைக்காரர் சொல்வார், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் சொல்வார், வாழ்நாளில் கப்பல் டிக்கெட் கவுண்டரைத் தவிர வேறெதற்கும் ஓடாதவர்களும் சொல்வார்கள். இப்போது நானும் சொல்கிறேன். போர்ட் பிளேரில் எங்கள் ஜங்லிகாட் பக்கம் யாராவது புது ஷூவோடு வந்து, "எப்படி ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால், மெதுவாக ஓடு, பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு, தண்ணீர் குடி என்பேன். இவ்வளவுதானா என்பதுபோல் பார்ப்பார்கள். அந்தக் கடைசி விஷயத்தைக் கற்றுக்கொள்ள நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தேன் என்பதை அவர்களிடம் சொல்வதில்லை. (எனக்கும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.)

என் அக்கா பரமேஸ்வரிக்கு முப்பத்தெட்டு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஏன் என்று கேட்டால் டாக்டர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தீவின் வடகோடியில் இருக்கிற திக்லிபூரில் அத்தானின் பாக்குத் தோப்பு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குத் துணையாக அம்மா என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போர்ட் பிளேரில் டயாலிசிஸ் செய்துகொள்வதற்காக ஜங்லிகாட்டில் இருந்த என் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாரத்துக்கு மூன்று முறை. நான் கூடப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவளுக்கு அளவு உண்டு. அந்தச் சின்ன பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். வெயில் நேரத்தில் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் டிவியைப் பார்ப்பேன்.

மெயின்லேண்டுக்குப் போனோம். சென்னையில் டாக்டர் எல்லாரையும் சோதித்தார். அத்தானுக்கு ரத்த குரூப் சேரவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் சேர்ந்தது. அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"நான் இருக்கும்போது அம்மா எதுக்கு டாக்டர்? நான் குடுக்கிறேன்!"

சொல்லிவிட்டு நெஞ்சில் தட்டிக்கொண்டேன். தட்டியது நெஞ்சில்தான், ஆனால் தொப்பை வரைக்கும் ஆடியது. டாக்டர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். இடுப்பருகே அவர் கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. எடையைக் குறைக்க வேண்டும், பிரஷரும் கொஞ்சம் இருக்கிறது, மூன்று மாதத்தில் சரிசெய்துகொண்டு வாருங்கள், தினமும் நடங்கள் என்றார்.

நடப்பதா? அக்காவுக்கு உயிர் கொடுக்கப் போகிறவன் நடந்துகொண்டிருந்தால் யார் மதிப்பார்கள்? ஓடுவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆபீசில் பிஸ்வாஸ் என்று ஒரு வங்காளி நண்பர். நல்ல ஓட்டக்காரர், ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஃபைல் நகராது. அவர்தான் எனக்குக் கோச். ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு என்றார். இரண்டு வாரம் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது வாரம் ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. முடிப்பவர்களுக்கெல்லாம் மெடல். அந்த மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சென்னை டாக்டர் முன்னால் போய் நின்றால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். உடனே பெயர் கொடுத்துவிட்டேன்.

பிஸ்வாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே பாய், அபி நஹி. அக்லே சால்."

இப்போது வேண்டாமாம், அடுத்த வருஷமாம். அடுத்த வருஷம் அக்கா எங்கே இருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? அவளோடு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தெலுங்குக்காரர் அந்த மாதம்தான் வருவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் கட்டிலில் வேறொருவர் படுக்க ஆரம்பித்துவிட்டார்.

அதனால் பிஸ்வாஸ் சொன்ன அளவையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினேன். மின்னி பே வரைக்கும் ஓடி, திரும்பும்போது தெருநாய்கள் எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி ஓடினேன். எங்கள் ஊர்ச் சாலையில் சமதரை என்று பத்தடி கிடையாது, ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். முழங்கால் வீங்கியது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கினேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஓடுகிற நாளில் கூட ஒன்று.

வலி மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். நன்றாகக் கேட்டது. ஆனால் அது கெட்டுப்போன கிட்னிக்குச் சொன்னது, என்னுடையது ஷோரூம் கண்டிஷனில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (என் மூளையும் ஷோரூம் கண்டிஷனில்தான் இருந்தது. உபயோகித்ததே இல்லை.)

இனி பஸ் விதி. திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேருக்கு வருகிற பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பும். வழியில் ஆதிவாசிகளுக்கென்று ஒதுக்கிய காடு. அதற்குள் எல்லா வண்டிகளும் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. யாருக்கு எது முட்டினாலும் காடு முடிகிற வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் வடக்கே பிறந்த எங்களுக்கெல்லாம் பயணம் என்றால் முந்தின நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் நின்றுவிடும். "வாயை நனைச்சுக்க, முழுங்காத" என்று அம்மா டம்ளரைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். கண்டக்டரிடம் போய் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவது எங்கள் குடும்பத்தில் மானக்கேடு. நான் அப்படிக் கெஞ்சியதே கிடையாது என்று அம்மா ஊரெல்லாம் பெருமை பேசுவாள்.

பத்து கிலோமீட்டர் என்றால் எனக்கு அதுவும் ஒரு பயணம். நடுவில் ஒதுங்க இடம் தேடினால் நேரம் போய்விடுமே! முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரை நிறுத்தினேன். காலையில் வாயை நனைத்துத் துப்பினேன். இரண்டு வலி மாத்திரையை எச்சிலோடு விழுங்கினேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டுப் போடா."

"திக்லிபூர் பஸ்ஸுக்குப் போறேன்னு நினைச்சுக்க அக்கா. எல்லாம் கணக்காத்தான் செய்றேன்."

அவள் தன் பாட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

எங்கள் தீவில் சூரியனுக்கு அவசரம் அதிகம். ஓட்டம் தொடங்கும்போதே நடுப்பகல் மாதிரி வெயில், கடல்காற்றில் சொட்டுகிற ஈரம். முதல் இரண்டு கிலோமீட்டர் நான் ராஜா. வழியில் மேஜை போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். "பானி, பானி!" என்று கோப்பையை நீட்டிய பெண்ணிடம் ஒரு கையை உயர்த்தி, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போனேன், ஊர்வலத்தில் போகிற மந்திரி மாதிரி. அடுத்த மேஜையிலும் அப்படியே. என்னைத் தாண்டிப் போன பிஸ்வாஸ் திரும்பிப் பார்த்து, "பானி பியோ, மோட்டே!" என்று கத்தினார். குடிடா தடியா என்று அர்த்தம். என் வேகத்தைக் குறைக்கச் சதி செய்கிறார் என்று நினைத்தேன்.

பாதிக்கு மேல் கால் என்னுடையதாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாண்டினார்கள். மீன் கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் நடந்துபோன ஒருவர் தாண்டினார். அவர் ஓட்டத்தில் சேர்ந்தவரே இல்லை. வியர்ப்பது நின்றுவிட்டது. அட, உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மின்னி பே பக்கம் ஒரு ஸ்கூட்டர் ஒர்க் ஷாப் வாசலில் தொடை இரண்டும் முறுக்கிக்கொள்ள, கழற்றி வைத்திருந்த டயர்கள்மேல் போய் விழுந்தேன். மெக்கானிக் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேனாம். எனக்கு நினைவில்லை. அம்மாவின் வளர்ப்பு அப்படி.

ஐஸ் பெட்டிகள் ஏற்றிவந்த சரக்கு ஆட்டோவில், பெட்டிகளுக்கு நடுவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே என்னைத் தெரியாத நர்ஸ் கிடையாது. ஸ்ட்ரெச்சரைப் பார்க்காமல் என் முகத்தை மட்டும் பார்த்த ஒரு நர்ஸ், "ஆஜ் தீதி கா டர்ன் நஹி ஹை" என்றார். இன்று உங்கள் அக்காவின் முறை இல்லையே என்கிறார். அப்புறம்தான் படுத்திருப்பது நான் என்று பார்த்தார்.

அன்று போன சிறுநீர், கருப்புக் காப்பி நிறம். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தசைகள் உள்ளேயே சிதைந்திருக்கின்றன, தண்ணீர் இல்லை, அதற்குமேல் இத்தனை நாள் மாத்திரை, எல்லாம் சேர்ந்து கிட்னியை அடித்துவிட்டது என்றார் டாக்டர். "யார் உங்களுக்கு இந்த மாத்திரையைத் தந்தது?" என்று கேட்டார். என் மார்பில் ஒட்டியிருந்த ஓட்டக்காரன் நம்பரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் எனக்கு டயாலிசிஸ் என்று முடிவானது. இருந்த மெஷின்களில் ஒன்று பழுது, மற்றவை எல்லாம் நிறைந்திருந்தன. காலையில் காலியாக இருந்தது ஒரே கட்டில். அது அக்காவுடையது. அவசரம் எனக்குத்தான் என்பதால் அவளைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்கள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்க, என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிட்னி கொடுக்கிறேன் என்று நெஞ்சில் தட்டியவன், அவளுடைய மெஷினையும் பிடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அதற்கும் பயமாக இருந்தது. நான் அழுதேன். அக்கா என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"குடிக்க முடியாதவ நான். குடிக்கத் தெரியாதவன் நீ. நல்லா வந்து வாய்ச்சோம்டா நாம ரெண்டு பேரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வந்து நர்ஸ் ஓடிவந்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். வாழ்க்கையில் நான் ஓடிய ஒரே நீண்ட ஓட்டம் அதுதான்.

சில வாரங்களில் என் கிட்னிகள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் சென்னை டாக்டர், உங்கள் மேல் இப்போது கத்தி வைக்க முடியாது, ஒன்றிரண்டு வருஷம் பார்க்கலாம் என்று முடித்துவிட்டார். அம்மா திக்லிபூரிலிருந்து வந்தாள். (விதிப்படி தண்ணீர் குடிக்காமல்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நானே ஒரு பெரிய பாட்டிலை நீட்டினேன்.) ஒரு சோதனை பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் தேறினாள். உடம்பை எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "எதுக்குமே ஓட மாட்டேன் சார். பஸ்ஸுன்னாக்கூட நிக்க வெச்சுத்தான் ஏறுவேன்" என்றாள்.

அம்மாவின் கிட்னியோடு அக்கா திக்லிபூர் திரும்பினாள். முதல் நாள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்ததை அத்தான் போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். அதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா ரொம்பக் கறாரானவர். மாப்பிள்ளைக்கு ஏதாவது பொறுப்பு, பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். அக்கா காப்பியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லைங்க. ஒரு கிட்னி மட்டும் எனக்குப் பேசி வெச்சிருக்கு. மிச்சமெல்லாம் உங்க பொண்ணுக்குத்தான்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காரிதான் இப்போது என் மனைவி. தினமும் காலையில் நான் ஷூ மாட்டும்போது பாட்டிலைக் கையில் திணித்து, "அண்ணியோட சாமான், பத்திரம்" என்பாள். விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் வீட்டில் இந்தக் கதை உண்டு. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் அக்காவின் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா கொடுத்த கிட்னி களைக்க ஆரம்பித்தால் ஏறுகிற அளவு அது. கவலைப்பட ஒன்றுமில்லை, அடிக்கடி பார்த்துக்கொள்வோம் என்றார்களாம். மறுநாள் காலையில் மனைவி பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பிக் கொடுத்தாள். மின்னி பே ஏற்றத்தில், பேச முடிகிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா.

"ஓடுறியா?"

"ஓடுறேன்."

"மாத்திரை எதுவும்?"

"இல்லக்கா."

"தண்ணி?"

"குடிச்சேன்."

பாக்குத் தோப்பில் காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் குடிடா" என்றாள்.