பொட்டு வைத்த கீபோர்டு

பொய் சொல்கிறவர்களை நான் குறை சொல்வதில்லை. நானே ஒரு காலத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். (படிக்கவில்லை. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.)

எழுத்து எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் வாயால் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். "அப்பத்தா, இழுக்காம விஷயத்துக்கு வா" என்று இப்போதே ஒரு அதட்டல். பஸ் நம்பர் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், பேச்சியம்மாள் என்று கையெழுத்துப் போடத் தெரியும். அதுவும் கோலம் மாதிரிதான். எங்கே ஆரம்பித்து எங்கே சுழிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து போட வேண்டும்.

என் அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். தாயில்லாப் பிள்ளை என்று என்னையும் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவார். இரவெல்லாம் நாடகம், பகலெல்லாம் தூக்கம். பள்ளிக்கூடத்தைப் பகலில் வைத்தது என் குற்றமா? ராத்திரியில் வைத்திருந்தால் நான் கலெக்டர். படிப்புக்குப் பதிலாக ஹார்மோனியம் வந்தது. ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், விரல் அதைத் தேடிப் பிடித்துவிடும். இன்னொன்றும் அங்கே கற்றுக்கொண்டேன். அந்த நாடகங்களுக்கு ஒத்திகை கிடையாது. ராஜா ஓர் ஊரிலிருந்து வருவார், ராணி வேறோர் ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். யார் எதை ஆரம்பித்தாலும் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். தப்பாகவே ஆரம்பித்தாலும் நிறுத்தக் கூடாது. அந்தப் படிப்புதான் பின்னால் என் மானத்தை வாங்கியது.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கேசட் காலம். என் மகன் கண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் ரேவதி. அவள் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ். வீட்டுக்குள் நுழைந்ததுமே ஓர் அலமாரி, உச்சியிலிருந்து தரை வரைக்கும் புத்தகம். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். காபி கொடுத்த கையோடு அந்த டீச்சரம்மா, சும்மா பேச்சுக்குத்தான், "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"எட்டாவது" என்றது என் வாய்.

கண்ணனுக்கு மிக்சர் புரையேறியது. என் வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற பேனைப் பார்க்க ஆரம்பித்தார். ஏன் எட்டு என்கிறீர்களா? ஐந்து என்றால் குறைச்சல். பத்து என்றால் சர்டிபிகேட் கேட்பார்கள். (பொய்யிலும் ஒரு நிதானம் வேண்டும்.)

கிளம்பும்போது டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நகை நட்டு எங்களுக்குப் பெருசில்லைங்க. மூத்தவளுக்குப் பார்த்த எடத்துல, மாப்பிள்ளைக்கு வேலை இருக்குன்னு பொய் சொல்லிட்டாங்க. நிச்சயத்துக்கு மொத நாள்தான் தெரிஞ்சது. அன்னிக்கே நிறுத்திட்டேன். எது இருந்தாலும் இருக்கட்டும், மறைக்காம இருந்தாப் போதும்."

நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று அந்த மீனாட்சிக்குத்தான் தெரியும்.

பஸ்ஸில் கண்ணன், "ஏம்மா இப்புடிப் பண்ண? அந்தப் பொண்ண எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா" என்றான். இருபத்தாறு வயதுப் பையன், அழுதுவிடுவான் போல இருந்தது. "கல்யாணம் முடியட்டும்டா, மெதுவா சொல்லிக்கிடலாம்" என்றேன். நிச்சயத்துக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று.

இது இப்படி இருக்க, கண்ணனுக்கு ஒரு பாட்டுக்குழு உண்டு. பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளை அப்படியே வாசிக்கிற குழு. காளவாசலில் எங்கள் சைக்கிள் கடைக்கு மேலே மொட்டை மாடியில்தான் பழகுவார்கள். கண்ணன் கிடார், டேவிட் பாட்டு, சிக்கந்தர் டிரம்ஸ். கீழே பஸ்காரன் ஹாரன் அடிப்பான், மேலே டேவிட் கத்துவான். யார் ஜெயிப்பார்கள் என்று தெருவே கேட்டுக்கொண்டிருக்கும். ரேவதியின் அப்பா கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். அங்கே ஆண்டு விழா. முதலாளி வெளிநாட்டில் படித்தவர், அந்தப் பாட்டென்றால் உயிரை விடுவாராம். மேனேஜர் வருங்கால மாப்பிள்ளையின் குழுவையே பேசிவிட்டார். சரியாகப் பத்து நாளைக்கு முன்னால், கீபோர்டு வாசிக்கிற பையன் பெங்களூரில் வேலை கிடைத்து ரயிலேறிவிட்டான். கீபோர்டை மட்டும் விட்டுப் போனான்.

"அம்மா, நீ வாசிக்கிறியா?" என்றான் கண்ணன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுடா."

"கீபோர்டுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

மூன்று பாட்டு. பேரெல்லாம் என் வாயில் நுழையாததால் நானே பேர் வைத்தேன். முதல் பாட்டு தேனீப் பாட்டு. கீபோர்டு மட்டும் தனியாக, ஆயிரம் தேனீ கூட்டைச் சுற்றுகிற மாதிரி "ம்ம்ம்" என்று ஆரம்பிக்கும். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வருவார்கள். இரண்டாவது ரயில் பாட்டு. மூன்றாவது அழுகுணிப் பாட்டு. கேசட்டை ஓட விடுவேன், நிறுத்துவேன், பின்னால் சுற்றுவேன். அடுப்பில் சாம்பார் ஒரு பக்கம் அடிப்பிடிக்கும்.

பாட்டுப் பிடிபட இரண்டே நாள். கைதான் படியவில்லை. ஹார்மோனியத்தில் வலது கை வாசிக்கும், இடது கை பின்பக்கம் காற்றுப் போடும். முப்பது வருஷப் பழக்கம். கீபோர்டில் உட்கார்ந்தாலும் இடது கை தானாகப் பின்னால் போய் வெறுங்காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அது கரண்டுல ஓடுது. நீங்க பம்ப் அடிக்க வேணாம்" என்றான் சிக்கந்தர்.

அடுத்த சண்டை சும்மா இருப்பதில். தேனீப் பாட்டில் மூன்று சுரத்தை ஒன்றாக அமுக்கிவிட்டு அப்படியே நிற்க வேண்டும். எட்டு எண்ணுகிறவரை விரலை அசைக்கக் கூடாது. நாடகத்தில் பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடைவெளியில்கூட நாலு சங்கதி போட்டு வளர்ந்தவள் நான். சும்மா எப்படி நிற்பது? ஒரு சின்ன வளைவு கொடுத்தேன்.

"அம்மா! பிருகா வேணாம்!"

"மொட்டையா இருக்கேடா."

"மொட்டையாத்தாம்மா இருக்கணும்!"

ஒரு வாரத்தில் சும்மா நிற்கக் கற்றுக்கொண்டேன். வாசிப்பதைவிடக் கஷ்டமான வேலை அது. இன்றைக்கும் சொல்வேன்.

மிச்சமிருந்தது பொத்தான்கள். கீபோர்டின் நெற்றியில் இரண்டு வரிசையாக இருபத்து நாலு பொத்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம். ஒவ்வொன்றுக்கும் அடியில் எறும்பு மாதிரி எழுத்து. ஒன்று ஆர்கன், ஒன்று பியானோ, ஒன்று வயலின். எனக்கு வேண்டியது மூன்றுதான். நான் என்ன செய்தேன் என்றால், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். தேனீப் பாட்டுக்குச் சிவப்பு. ரயிலுக்குப் பச்சை. அழுகுணிக்குக் கறுப்பு. பிரமாதமாக இருந்தது. "கலக்கிட்டீங்கம்மா" என்று டேவிட்டே சொன்னான்.

விழா அன்று காலையிலேயே சாமான்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பையன்கள் போய்விட்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் சாயங்காலம் பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. மேடைக்கு வந்தால் ரேவதி வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள்.

"அத்தை, கீபோர்டு எம்புட்டு அழுக்கு! யாரோ பழைய பொட்டெல்லாம் ஒட்டி வச்சிருந்தாங்க. அம்புட்டையும் பிச்சுட்டு ஈரத்துணியால தொடச்சிட்டேன். உங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னு எல்லாப் பொத்தானுக்கும் தமிழ்லயே எழுதி ஒட்டியிருக்கேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு!"

பார்த்தேன். இருபத்து நாலு வெள்ளைத் துண்டு. முத்து முத்தாக எழுத்து. டீச்சர் மகள் அல்லவா?

"ரொம்ப நல்லாருக்கு தாயி" என்றேன்.

ஓடிப்போய் கண்ணனைப் பிடித்தேன். வயரைக் கடித்துக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். "டேய், பொட்டக் காணோம்டா!"

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "நெத்தியில நல்லாத்தான் இருக்கும்மா" என்று மறுபடி குனிந்துகொண்டான்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார், விளக்கேற்றிவிட்டார்கள், மைக் வந்துவிட்டது. முன்வரிசையில் முதலாளி, பக்கத்தில் மேனேஜர், அவர் பக்கத்தில் டீச்சரம்மா. பின்னால் தொழிலாளிகள் குடும்பத்தோடு ஒரு நானூறு பேர். சிக்கந்தர் குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார், தேனீக்காக.

குலசாமியை நினைத்து ஒரு பொத்தானை அமுக்கி, மூன்று சுரத்தில் விரலை வைத்தேன்.

ஹெலிகாப்டர் வந்தது.

நிஜமாகவே. பந்தலுக்கு மேலே சுற்றுகிற மாதிரி. பின்வரிசையில் நாலு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். அவசரமாக அடுத்ததை அமுக்கினேன். நாய் குரைத்தது. விரலை எடுத்து எடுத்து வைத்தால் எட்டு நாய். முதலாளி கண்ணைத் திறந்தார். மூன்றாவதாக ஒன்றை அமுக்கினேன் பாருங்கள், நான் சுரத்தைத் தொடுவதற்கு முன்பே கீபோர்டு தானாக ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டது! கம்பெனிக்காரன் உள்ளே வைத்து அனுப்பிய பாட்டாம். டம்டக்கு டம்டக்கு என்று தாளத்தோடு, சர்க்கஸில் கோமாளி வருவானே, அந்த மாதிரி. நிறுத்துவது எந்தப் பொத்தான்? அதற்கும் எழுதித்தான் ஒட்டியிருந்தாள் மகராசி.

இங்கேதான் அப்பாவின் நாடகப் படிப்பு வேலை செய்தது. ஆரம்பித்ததை நிறுத்தக் கூடாது! நானே வாசிப்பது போல விரலைக் காற்றில் ஓட்டிக்கொண்டு, "பிடிங்கடா, பிடிங்கடா" என்று பையன்களுக்குக் கண்ணைக் காட்டினேன். சிக்கந்தர் நல்ல பிள்ளை, உடனே அந்தத் தாளத்தைப் பிடித்துவிட்டான். பின்னால் விசில் பறந்தது. பத்துப் பேர் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். தப்பித்தோம் என்று நினைத்தேன். (என் இடது கை அப்போதும் பின்னால் காற்றுப் போட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னார்கள்.)

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். டேவிட் மைக்கைக் கையில் பிடித்தபடியே என்னிடம் குனிந்து, "என்னாச்சும்மா?" என்றான். அதே நேரம் ரேவதி மேடைக்குக் கீழே ஓடி வந்து கத்தினாள்: "அத்தை! ஆர்கன்னு எழுதியிருக்கேனே, படிச்சுப் பாருங்க!"

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ.

"படிக்கத் தெரிஞ்சாப் படிக்க மாட்டேனா தாயி! எட்டாவது கிட்டாவதெல்லாம் பொய்! நான் ஒண்ணாவதே போனதில்ல!"

டேவிட்டின் மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. நாலு பக்கமும் ஸ்பீக்கர். கப்பலூர் ரோட்டில் போன லாரிக்காரனுக்குக்கூட என் படிப்பு தெரிந்துபோனது.

கண்ணன் பாய்ந்து வயரைப் பிடுங்கினான். கோமாளிப் பாட்டு பாதியில் செத்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கியபடியே நின்றார்கள். நான் டீச்சரம்மாவை மட்டும்தான் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. போச்சு, என் பிள்ளை கல்யாணத்தை என் வாயே தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ரேவதி மேடைக்கு ஏறி வந்தாள். தன் நெற்றியிலிருந்த சிவப்புப் பொட்டைப் பிய்த்து ஒரு பொத்தானில் ஒட்டினாள். "இதுதான் அத்தை ஆர்கன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. கோபமா, சிரிப்பை அடக்கினாளா, தெரியாது.

கண்ணன் வயரைச் சொருகினான். தேனீ வந்தது. ஒரே ஒரு பொட்டுதானே? மூன்று பாட்டையும் ஆர்கனிலேயே வாசித்து முடித்தேன். ஒரு பிருகா போடவில்லை. முதலாளி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார் என்றார்கள். நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தால் டீச்சரம்மா தெரிவாரே.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். நான் எழுந்து நின்றேன், பிள்ளைகள் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நிற்பார்களே அப்படி.

"எட்டாவதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன்?"

"உங்க அலமாரியப் பார்த்துப் பயந்துட்டேன் டீச்சரம்மா. என் மகன் பொய் பேச மாட்டான். அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தப்பு என்னோடதுதான்."

அவர் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "போன வாரம் உங்க வீட்டுக்கு வந்தப்ப கேசரி குடுத்தீங்களே" என்றார்.

"ஆமா. பிரமாதம்னு சொல்லி ரெண்டாந்தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீகளே!"

"அதுவும் எட்டாவது பாஸ்தான் மதினி."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்தேன் பாருங்கள், கட்டியிருந்த பட்டுப்புடவை அவிழ்ந்துவிடும்போல. அவரும் சிரித்தார். கண்ணன் எட்டி நின்று, யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல் விழித்தான். தலையில் ஒரு மாதமாகச் சுமந்த விறகுக் கட்டை யாரோ கை கொடுத்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கிய தூக்கம் சின்ன வயதில் நாடகக் கொட்டகையில்கூடத் தூங்கியதில்லை.

நிச்சயம், கல்யாணம் எல்லாம் குறித்த நாளில் நடந்தது. ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் அன்றோடு பொய் என்ற வார்த்தை ஒழிந்தது. பேரன் பல் விளக்கிவிட்டேன் என்றால் "எட்டாவது பாஸா?" என்பார்கள். என் வீட்டுக்காரர் தலைக்கு டை அடிப்பதே இல்லை என்று சொன்னால் அதுவும் எட்டாவது பாஸ்.

போன மாதம் சர்க்கரைக்காக ஒரு டாக்டரிடம் போனோம். புது டாக்டர், சின்னப் பையன். "இனிப்பு ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"தொடுறதே இல்ல" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேவதி, "எட்டாவது பாஸ் டாக்டர்" என்றாள்.

அவர் பாவம், "அப்படியா, சரிங்க" என்று சொல்லி, என் பேருக்குப் பக்கத்தில் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.