விசில் அடித்ததும் பின்னால் ஓடியவன்

ஓட்டப்பந்தயத்தில் தோற்றவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். விசில் அடித்ததும் எதிர்த்திசையில் ஓடி, சாக்கடையில் விழுந்து தோற்றவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபது வயது. அண்ணனோடு சண்டை போட்டுக் கடம்பத்தூர் வீட்டை விட்டுக் கிளம்பியவன், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். வேலை போனது, கூடவே தங்கியிருந்த ரூமும் போனது. பூட்டிக் கிடந்த ஒரு குடோன் வாசலில், என்னைப் போன்ற இன்னும் மூன்று பேரோடு படுத்துக்கொண்டேன். விடிந்ததும் வாட்ச்மேன் விசில் அடிப்பார். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிந்தியவன் முதுகில் தடி இறங்கும். (எனக்குக் கிடைத்த முதல் கோச்சிங்!)

ஏழு மாதம் அப்படி. பேச்சு குறைந்தது, தூக்கம் போனது. செத்தால் யாருக்குத் தகவல் சொல்வார்கள் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்குப் போன் செய்ய வெட்கம்.

நர்ஸ் கலா அக்கா தினமும் காலையில் அந்த ரோட்டில் ஓடுவார். ஒருநாள் எங்கள் முன்னால் நின்று, "சும்மா குந்திக்கினு இன்னா பண்றீங்க? வாங்க, ஓடலாம்" என்றார். இரண்டு மாதம் ஓடினோம். டாக்டரிடமும் அவரே அழைத்துப் போனார். எனக்குத் தூக்கம் திரும்பியது.

பிறகு ஒரு மூன்று கிலோமீட்டர் பந்தயம் வந்தது. "முடிச்சினா அம்மாக்குப் போன் பண்ணணும்" என்று அக்கா சத்தியம் வாங்கினார்.

நாங்கள் பையோடுதான் நின்றோம். வைத்துவிட்டு வர வீடு இல்லையே. விசில் அடித்தது. கூட்டம் முன்னால் ஓட, நாங்கள் நால்வரும் பழைய பழக்கத்தில் பின்பக்கம் திரும்பி ஓடினோம். மற்ற மூவரும் மைதானத்து கேட் வரை ஓடி நின்றுவிட்டார்கள். நான் சுவரேறிக் குதித்தேன். அந்தப் பக்கம் இடுப்பளவு சாக்கடை.

"டேய், அது ஸ்டார்ட் விசில்டா!"

சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள் சிரித்தன. நானும் சிரித்தேன், பாதியில் அது அழுகையாகிவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் அடிக்க மாட்டாங்க. ஏறி வா" என்றார்.

நாற்றத்தோடு தனியாக ஓடி முடித்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நான்தாம்மா."

"ஏன்டா இப்டி மூச்சு வாங்குது? யாரு தொரத்துறாங்க?"

"யாரும் தொரத்தலம்மா" என்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். நான் ஷூ மாட்டும்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து, "இன்னிக்கி யாருடா தொரத்துறாங்க?" என்பாள். அண்ணன்கூடச் சிரிப்பான். சில காலைகளில் மட்டும், "யாரும் இல்லம்மா" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.