கேமராவை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்

சிவகாசி,
ஞாயிறு காலை.

அன்பு மச்சான் பாண்டிச்செல்வம் அவர்களுக்கு,

சீனிவாசகம் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். கோவையில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை நிற்பாள். போனிலேயே சொல்லியிருப்பேன். நான் பாதி சொல்வதற்குள் உங்க அக்கா போனைப் பிடுங்கி, மீதியை வேறு மாதிரி சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம்.

ஞானசுந்தரியின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு நீங்கள் வாங்கி வந்த சின்ன கேமராவை உடனே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அது என் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டது.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் நல்லசிவம், தரகர் மூலமாகத் தன் மகனுக்கு நம் பிள்ளையைக் கேட்டார். போனில் படம் எடுத்து அனுப்பினோம். பையனின் தாயார் பாலம்மாள், "போன்ல எடுத்தா எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளையா இருக்காக. போன்ல எடுக்காத படமா அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதானே. பீரோவைக் குடைந்து உங்கள் கேமராவை எடுத்தேன். ஞானசுந்தரிதான் புது பேட்டரி போட்டு, அதை இதை அமுக்கி, என் கையில் கொடுத்தாள். காலண்டரைப் பார்த்து, ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, நல்ல நேரத்தில் அவளை வாசலில் நிறுத்தினேன். "கொஞ்சம் சிரி தாயி" என்றேன். ஏதோ சிரித்தாள். உடனே ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு அனுப்பினேன்.

பிறகு தரகர் வந்தார். "அண்ணாச்சி, பொண்ணுக்கு நாப்பது தாண்டிருச்சாமே" என்கிறார். படத்தின் மூலையில் மஞ்சள் எழுத்தில் 1.1.2008 என்று விழுந்திருக்கிறது. அன்றைக்கே கல்யாண வயசுப் பெண் என்றால் இன்றைக்கு என்ன வயசு என்று மண்டியில் கணக்குப் போட்டுவிட்டார்கள். பேட்டரி தீர்ந்து கிடந்தால் தேதி முதலுக்கே போய்விடுமாம், ஸ்டுடியோக்காரர் சொன்னார். மச்சான், நான் காலண்டர் கம்பெனியில் ஆயுசு முழுக்கப் புரூப் பார்த்தவன். அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சானால் ஊரே தப்பான நாளில் விரதம் இருக்கும் என்று கண்ணாடி வைத்துப் பார்த்தவன். இந்தப் படத்தையும் கண்ணாடி வைத்துத்தான் பார்த்தேன். சேலை மடிப்பு சரி, சங்கிலி நேராக இருக்கிறது, பின்னால் கொடியில் துணி இல்லை. தேதியை மட்டும் விட்டுவிட்டேன். உங்க அக்கா அதை ஸ்டுடியோ நம்பர் என்று நினைத்தாளாம்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு ஓடினேன். மண்டியிலேயே நல்லசிவத்தை நிறுத்தி ஒரு படம் எடுத்து, "பாருங்க, உங்களுக்கும் ரெண்டாயிரத்து எட்டுதான் காட்டுது" என்றேன். வத்தல் நெடியில் நான் தும்ம, படத்தில் அவருக்கு இரண்டு தலை. பாலம்மாள் எட்டிப் பார்த்து, "தேதியே பொய் சொல்லுற கேமராவுல மூஞ்சி மட்டும் நெசமா இருக்குமாக்கும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேமராவை அமுக்கிக்கொண்டே வந்தேன். காதுகுத்துப் படங்கள் அப்படியே இருக்கின்றன. உங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டு ஞானசுந்தரி வேண்டாம் வேண்டாம் என்று அழுகிறாள், சுற்றி நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். எனக்கு என்னவோ போல் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வீட்டில் எல்லோரும் நூறு வயசு நோயில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சீனிவாசகம்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஞானசுந்தரி இதைப் படித்துவிட்டாள். "கேமராவை வையாதீகப்பா. பேட்டரி போட்டதும் அது தேதி கேட்டுச்சு. நான்தான் வேணும்னே போடாம விட்டேன். இப்ப கல்யாணம் வேண்டாம்னு உங்ககிட்ட எம்புட்டுத் தடவை சொன்னேன், கேட்டீகளா? எனக்கே எப்பத் தோணுதோ, அன்னைக்குத் தேதியைப் போட்டு நானே எடுத்துத் தாரேன்" என்கிறாள். சொன்னாள்தான் மச்சான். நான்தான் வெட்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கேமரா இங்கேயே இருக்கட்டும். ஆனால் நீங்கள் அவசியம் வாருங்கள். தரகர் அடுத்த ஜாதகத்தோடு வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார், உங்க அக்கா காப்பி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவரை இன்றைக்கு நான் அனுப்பிவிடுவேன். உங்க அக்காவிடம் சொல்லத்தான் எனக்கு ஆள் வேண்டும்.