பாதி தூக்கிய பாறை

குன்றபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே அரசருக்கும் இடுப்பு வலிக்கும், கல் உடைப்பவர்களுக்கும் இடுப்பு வலிக்கும். அரசருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் குனிந்து குனிந்து. ஒச்சம்மா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தபோது, மேலே வெடி வைத்த பாறை சரிந்தது. கீழே நின்றவன் அவள் புருஷன் பேச்சிமுத்து. கையும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. பாறைதான் தெரிந்தது.

குவாரிக் குத்தகைதாரர் வந்து பார்த்தார். "இதத் தூக்க ஆரம்பிச்சா வேலை நின்னு போகும். அதான் தன்னால அடக்கமாயிட்டானே. மேல ஒரு மாலையப் போட்டு விடு."

ஒச்சம்மா நீதிமன்றத்துக்கு ஓடினாள். கதவில் பூட்டுத் தொங்கியது. முந்தைய வாரம்தான் அரசாணை வந்திருந்தது: நீதிபதிகள் சம்பளம் வாங்குகிறார்கள், சட்டக் கல்லூரி மாணவர்களோ கட்டணம் கட்டுகிறார்கள். ஆகவே இனி நாட்டின் வழக்குகளை இளநிலை மாணவர்களே நடத்துவர்.

கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் கூடியது. ஒச்சம்மாவுக்காக மூன்றாமாண்டு மாணவி எழிற்செல்வி எழுந்து பேசினாள். பேசப் பேச அவள் கண் கலங்கியது. கூடமே மூக்கை உறிஞ்சியது. பாறையைத் தூக்கும்படி கல்லூரி முதல்வர் தீர்ப்பளித்தார்.

"நல்லா இருப்ப தாயி. எப்பத் தூக்குவாங்க?"

"இருங்கக்கா, ரெண்டாவது சுற்று இருக்கு. இப்ப பக்கம் மாத்தணும்."

எழிற்செல்வி மேசையைச் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் நின்றாள். ஒரு பிணத்துக்காக ஊரில் எரியும் அடுப்பையெல்லாம் அணைக்கலாமா என்று கேட்டாள். அதே குரல், அதே கண்ணீர். பாறையைத் தொடவே கூடாது என்று முதல்வர் தீர்ப்பளித்தார். இரண்டு சுற்றிலும் வென்றதால் அவளுக்குத் தங்கப் பதக்கம்.

ஒச்சம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏண்டி, இப்பத்தான எனக்காக அழுத?"

"அதுவும் நெசமாத்தான்க்கா அழுதேன்."

ஒரே வழக்கில் இரண்டு தீர்ப்பு இருப்பதைச் சட்ட அமைச்சர் கண்டுபிடித்தார். அடுத்த ஆணை பிறந்தது: எல்லாத் தகராறும் சமரசப் பாடத்தின் கீழ் முடிக்கப்படும். இரு தரப்பும் சரிபாதி விட்டுக்கொடுக்க வேண்டும். மறுப்பவர் நாட்டின் அமைதிக்கு விரோதி.

மாணவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு டீ கொடுத்தார்கள்.

"அம்மா, உங்க உணர்வ ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"பொணம்."

"அருமை" என்று ஒருவன் அதைப் பலகையில் எழுதினான்.

அவள் தூக்கச் சொன்னாள், குத்தகைதாரர் கூடாது என்றார். ஆகவே பாறையைப் பாதி தூக்கி, திரும்ப வைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"பாதி தூக்குனாலே ஆள வெளிய இழுத்துரலாமேய்யா?" என்றாள் ஒச்சம்மா.

"இழுத்துவிட்டால் அது உமக்கு முழு வெற்றியாகிவிடும். சமரசத்துக்கே இழுக்கு" என்றார் மேற்பார்வைக்கு வந்திருந்த அமைச்சர்.

கிரேன் வந்தது. பாறை முழங்கால் உயரம் எழும்பியது. ஒச்சம்மா தரையில் கவிழ்ந்து படுத்துப் பார்த்தாள். பேச்சிமுத்துவின் கை தெரிந்தது. அவள் எட்டிப் பிடித்த நேரத்தில் காவலர்கள் அவள் கால்களைப் பற்றி இழுத்தார்கள். பிடி நழுவியது. பாறை இறங்கியது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

பட்டமளிப்பு விழாவில், குன்றபுரியில் நிலுவை வழக்கு ஒன்றுகூட இல்லை என்று அரசர் அறிவித்தார்.

ஒச்சம்மா கூட்டத்தில் எழுந்து நின்றாள். "எம் புருசன வெளிய எடுத்துக் குடுங்கய்யா."

"அம்மணி, உமது வழக்கு முடிந்தது. இனி அது பாடம்" என்றார் அமைச்சர். "ஆண்டுதோறும் மாணவர்கள் வாதாட வேண்டும். பாறை இருந்த இடத்திலேயே இருந்தாக வேண்டும். தேர்வுக்கு வந்து அழுதுவிட்டுப் போங்கள்."

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பேச்சிமுத்துவோடு கல் உடைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுதான் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

குன்றபுரி அரசு ஒச்சம்மாவுக்கு ஒரு பிணம் தர வேண்டும். இன்னும் தரவில்லை.