ஏழு சீட்டுப் பொருத்தனை

இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். என் மனைவி பியூலாவிடம் எது வேண்டுமோ அதைக் கேட்கக் கூடாது. வேண்டாததைக் கேட்க வேண்டும்.

ஹாலுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க ஆசையா? "நீலம் அடிப்போமா பியூலா?" என்று கேட்டால் போதும். மறுநாள் பெயிண்டர் பச்சை டப்பாவோடு வாசலில் நிற்பார். குற்றாலம் போக ஆசையா? "கொடைக்கானல் போகலாமா?" என்று இழுத்தால் போதும். ரெண்டாம் நாள் அருவிக்கு அடியில் நிற்பேன். தலையில் தண்ணீர், மனதில் வெற்றி. பியூலா கான்வென்டில் படித்தவள். பேச்சுப் போட்டியில் மூன்று கோப்பை வாங்கியவள். மூன்றும் எதிர்த்துப் பேசி வாங்கியவை. கல்யாணத்துக்கு அப்புறமும் அவள் கட்சி மாறவில்லை.

நான் ஐயாதுரை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கிறேன். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் கட்டுப்போடத் துணி கொடுக்கிறவன், சொந்த வீட்டில் காயமில்லாமல் பிழைத்திருந்தது இந்த ஒரு உபாயத்தால்தான்.

இதற்கு வேட்டு வைத்தவன் மெர்வின். பியூலாவின் தங்கை புருஷன். ஸ்ரீவில்லிபுத்தூரில் காண்ட்ராக்டர். போன கிறிஸ்துமசுக்கு ஜெர்மன்காரன் வண்டி ஒன்று வாங்கினான். சொகுசு வண்டிதான், ஆனால் அந்தக் கம்பெனியிலேயே சின்னது. அதில் என்னை ஒரு நாள் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும்போது சொன்னான்: "அண்ணாச்சி, கதவை மெதுவாச் சாத்துங்க. இது உங்க பழைய வண்டி இல்லை."

நான் மெதுவாகத்தான் சாத்தினேன். நெஞ்சுக்குள்தான் டமார் என்றது.

அதே கம்பெனியில் பெரியது ஒன்று இருக்கிறது. ஏழு சீட்டு. கூரை முழுக்கக் கண்ணாடி. முதுகை அமுக்கிவிடும் இருக்கை. அடுத்த மாதம் மெர்வினுடைய புது வீட்டுக்குப் பிரதிஷ்டை, அதாவது கிரகப்பிரவேசம். அன்றைக்கு அவனுடைய சின்ன வண்டிக்குப் பக்கத்தில் என் பெரிய வண்டியை நிறுத்த வேண்டும். சொந்தக்காரர்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டும். மெர்வின் முகத்தை நான் பார்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை.

மதுரை ஷோரூமுக்குப் பியூலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விமல் என்று ஒரு பையன் இரண்டு வண்டியையும் காட்டினான். பியூலா இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். இரண்டிலும் கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியைச் சரிசெய்தாள். வாயைத் திறக்கவில்லை. நான் காபி மெஷின் பக்கம் போயிருந்த நேரத்தில் விமலிடம் ஏதோ பேசினாள். கதவு நிறத்தைப் பற்றி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் காபிக்கு நிறுத்தினோம். இதுதான் சமயம் என்று உபாயத்தை எடுத்தேன்.

"பியூலா, நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நமக்குச் சின்ன வண்டியே போதும்."

"சரி."

டம்ளரைக் கீழே வைத்தேன். "என்ன சரி?"

"சின்னது போதும்னீய. சரின்னேன்."

"இல்ல, நீயும் செத்த நேரம் யோசிக்கணும்லா?"

"இருபத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் அறிவா ஒரு வார்த்தை பேசியிருக்கீய. அதைப் போய் யோசிச்சுக் கெடுப்பாவளா யாராவது?"

"பெரிசுல ஏழு சீட்டு இருக்கு பாத்துக்கோ…"

"நம்ம பய ஜெபின் பெங்களூருல இருக்கான். வீட்டுல இருக்கது நாம ரெண்டு பேரு. ஆளுக்கு மூணரை சீட்டுல படுத்துக்கிட்டு வரவா? காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன். அதற்கப்புறம் வந்த அம்புட்டு வேகத்தடையும் என் நெஞ்சில்தான் ஏறி இறங்கியது. நானே என் வாயால் மெர்வின் வண்டியை வாங்கிவிட்டேன்! அதே அளவு! அதே கதவு! 'போதும்' என்று சொன்னவன் 'போதாது' என்று எப்படிச் சொல்வது? எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

வழி ஒன்று இருந்தது. ஜெபம்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வசனம், பிறகு ஆளுக்கொரு ஜெபம், சத்தமாக. தெருவில் போகிறவர்களுக்கு அது ஜெபம். எங்களுக்கு அது சட்டசபை. நேருக்கு நேர் சொல்ல முடியாததை எல்லாம் ஆண்டவர் வழியாக அனுப்பிக்கொள்வோம். "கர்த்தாவே, இந்த வீட்டில் ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுகிறவர்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பியூலா சொல்வாள். நான் கண்ணைத் திறந்து துண்டைத் தேடுவேன். ஒரு தடவை நானும், "உப்பில்லாமல் சாப்பிடுகிற ஏழைகளை நினைத்தருளும்" என்று ஜெபித்தேன். மறுநாள் மீன்குழம்பில் மீன் பிடிபட்ட கடலே இருந்தது. "ஜெபம் கேக்கப்பட்டுதா?" என்றாள்.

அன்றைக்கு நான் உருகினேன்.

"அன்பின் பிதாவே, சின்ன வண்டியே எங்களுக்கு அதிகம். ஆனாலும் கிருபாபாய் அம்மாளின் முழங்காலை நினைக்கிறோம். சின்ன வண்டியில் அவர்கள் காலை எங்கே நீட்டுவார்கள், சுவாமி? பெரிய வண்டி மட்டும் அமையுமானால், நடு வரிசையில் ரெண்டு சீட்டை அவர்களுக்கே விட்டு, காலை நீட்டி உட்கார வைத்துக் கூட்டிப் போவேன்."

"ஆமென்!" என்றாள் பியூலா. நான் முடிக்கவே இல்லை.

கிருபாபாய் என் மாமியார். அவர்களை நான் வண்டியில் ஏற்றினது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பியூலாவைப் பார்த்தேன்.

"என்ன, ஏதாவது தோணுதா?"

"எனக்கென்ன தோண? எங்கம்மாவுக்காவ நல்ல மனசா ஜெபிச்சீய. வண்டி சின்னதுதான்."

மறுநாள் சேத்தூரில் இருக்கும் அவளுடைய ஏசம்மாள் சித்தியைக் கையில் எடுத்தேன். பஸ்ஸில் நின்றபடியே ஆராதனைக்கு வரும் அந்த விதவைத் தாயை வீட்டு வாசலுக்கே போய் ஏற்றிக்கொள்வேன் என்றேன். ஆமென். அதற்கு அடுத்த நாள் பெண்கள் சங்கம். பியூலா அதற்குச் செயலாளர். சங்கத்தின் கீபோர்டு ஷேர் ஆட்டோவில் போய்ப்போய் நாலு கட்டை பேசுவதில்லை. அந்தக் கீபோர்டுக்கு ஒரு சீட்டு, அதை வாசிக்கிற நாச்சியார் டீச்சருக்கு ஒரு சீட்டு, இரண்டும் பின்வரிசையில் என்று கர்த்தரிடம் வரைபடமே போட்டுக் கொடுத்தேன். ஆமென், ஆமென்.

"இப்ப என்ன சொல்லுத?"

"சின்னதுதான். திங்கக்கிழமை விமலுக்குப் போன் பண்ணிச் சொல்லிரணும்."

சனிக்கிழமை வந்தது. திங்களுக்குள் இன்னும் ரெண்டே ரெண்டு ஜெபம்தான் பாக்கி. அன்றைக்குப் பியூலா முந்திக்கொண்டாள்.

"ஆண்டவரே, ஒருவேளை பெரிய வண்டியே வந்தாலும் எனக்கென்ன லாபம்? லைசென்சு எடுத்துப் பதினெட்டு வருஷமா பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, 'இண்டிகேட்டர் போடுங்க, இண்டிகேட்டர் போடுங்க'ன்னு தொண்டை வத்துது. சாவியை இவிய தலகாணிக்கு அடியில வச்சுத் தூங்குவாவ. அதுக்குச் சின்னதே மேல்."

'பெரிய வண்டியே வந்தாலும்'! அவள் வாயிலிருந்து! கதவு திறக்கிறது! சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. முழங்காலில் நின்றபடியே கத்தினேன்:

"பிதாவே! பெரிய வண்டி வரட்டும்! முதல் ஓட்டம் அவளே ஓட்டட்டும்! இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாமே பொருத்தனை!"

பொருத்தனை என்பது லேசான வார்த்தை இல்லை. மற்ற வீடுகளில் நேர்ந்துகொள்வது என்பார்கள். சொன்னால் சொன்னதுதான். ஆண்டவரே 'பரவாயில்லை, விடு' என்றாலும் எங்கள் சபையார் விடமாட்டார்கள்.

முதல் ஓட்டம்தானே? ஷோரூமிலிருந்து வீடுவரைக்கும் ஓட்டிவிட்டுப் போகட்டும். பிரதிஷ்டைக்கு நான் ஓட்டுவேன். மனசுக்குள் இந்தக் கணக்கும் ஓடியது என்பதை மறைக்க மாட்டேன்.

பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இம்புட்டு ஜெபிச்ச பொறவு நான் குறுக்க நிக்கலாமா? பெரிசே வாங்குவோம்."

அன்று ராத்திரி நான் ஆடினேன். நிஜமாகவே ஆடினேன், குளியலறையில், தாழ் போட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். பியூலா எழுந்தாள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரவிய ஒரு பொருத்தனை பண்ணியிருக்காவ…" என்று ஆரம்பித்து மாமியார் முழங்கால், சித்தி, கீபோர்டு, டீச்சர், ஸ்டியரிங் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "முதற்பலன் ஆண்டவருக்குங்கிறது நமக்குத் தெரியும். அதனால வண்டியோட முதல் பயணத்துலயே பொருத்தனையை நிறைவேத்திருவோம்."

சபை முழுக்க "ஆமென்" என்றது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காதில் விழுந்தது ஒரே விஷயம்தான். 'பெரிய வண்டி' என்று சபையில் சொல்லியாகிவிட்டது. இனி யாராலும் மாற்ற முடியாது! எங்கள் போதகர் ஞானராஜ் ஐயர், "இது பெருமை இல்லாத பொருத்தனை. தனக்கென்று ஒன்றுமே கேட்கவில்லை பாருங்கள்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுந்து நின்றேன்.

"ஐயாவும் எங்ககூட வரணும். முன் சீட்டு உங்களுக்குத்தான்!"

யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

வண்டியை எடுக்க மதுரைக்குப் போக நான் சட்டை தேய்த்து வைத்திருந்தேன். பிரதிஷ்டைக்கு முந்தின நாள் சாயங்காலம், லாரியில் ஏறிக்கொண்டு வண்டியே வீட்டு வாசலுக்கு வந்து இறங்கியது. கூடவே விமல். என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு போக.

"ஓட்டிக்கிட்டு வரலையா தம்பி?"

"முதல் பயணத்துக்கு முன்னாடி சக்கரம் ரோட்டுல படக்கூடாதுன்னு மேடம் சொன்னாங்க சார். நீங்க சின்னதுன்னு மாத்திருவீங்களோன்னு எங்களுக்குத்தான் கொஞ்சம் பயம். மேடம் அன்னைக்கே பெரிசுக்குப் புக் பண்ணிட்டாங்கல்ல."

"என்னைக்கு?"

"டெஸ்ட் டிரைவ் அன்னைக்குத்தான் சார். நீங்க காபி எடுக்கப் போயிருந்தப்போ."

உள்ளே போனேன். பியூலா பிரதிஷ்டைக்குக் கட்டும் சேலைக்குப் பொருத்தமாக வளையல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மொதல்லயே பெரிசுக்குச் சொல்லிட்டியா?"

"ஆமா."

"அப்பம் கிருஷ்ணன்கோவில்ல நான் சின்னதுன்னப்ப ஏன் சரின்ன?"

"பச்சை வேணும்னா நீலம்பீய. குத்தாலம் வேணும்னா கொடைக்கானல்பீய. கல்யாணமான வருஷமே எனக்குத் தெரியும். எனக்கும் பச்சையும் குத்தாலமும் பிடிச்சிருந்துச்சு, விட்டுட்டேன்." வளையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தத் தடவை வண்டி மட்டும் வந்தா எங்கம்மாவ ஏத்துவீயளா? எங்க சித்திய ஏத்துவீயளா? என்னைய ஓட்ட விடுவீயளா? நான் கேட்டிருந்தா ஒண்ணு நடந்திருக்குமா? நீங்களா ஜெபிச்சீய. நான் ஆமென் மட்டும்தான் சொன்னேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பேசினால் இன்னொரு சீட்டு போய்விடுமோ என்று மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் வாசலில் வண்டி பளபளத்தது. ஐயர் ஜெபம் பண்ணி முன் சீட்டில் ஏறினார். என் மாமியார் நடுவில் ஏறிக் காலை நீட்டினார்கள். ரெண்டு சீட்டு நிறைந்தது. "மாப்பிள்ளை, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்றார்கள். முந்தின நாளே வந்து தங்கிவிட்ட சேத்தூர்ச் சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் நாச்சியார் டீச்சர். டீச்சர் பக்கத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு, கீபோர்டு. பியூலா ஓட்டுகிற இடத்தில் ஏறிக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள்.

நான் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். இன்னொரு சுற்றும் சுற்றினேன்.

"பியூலா, நான்?"

ஜன்னல் சத்தமில்லாமல் இறங்கியது. என்ன அருமையான ஜன்னல்!

"உங்களைப் பத்தி ஜெபத்துல ஒரு வார்த்தையும் வரலையே."

"கீபோர்டை மேல கட்டுவோமே…"

"கூரையெல்லாம் கண்ணாடில்லா? அதுவும்போக அது பொருத்தனைச் சீட்டு." ஐயர் பக்கம் திரும்பி, "அப்படித்தானே ஐயா?" என்றாள். ஐயர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். ஆனால் இறங்கவில்லை.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கு. மெள்ள வாங்க. நேரமாவுது." இண்டிகேட்டர் போட்டாள். வலதுபக்கம் அழகாகத் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாவது பஸ்ஸில்தான் எனக்கு நிற்க இடம் கிடைத்தது. மம்சாபுரத்துக்கு நாற்றுக்கட்டு கொண்டுபோகிற ஒருவர் என் பட்டு வேட்டியைப் பார்த்து ஒதுங்கி நின்றார். நாற்று ஒதுங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, முழங்கால்வரை சேறோடு, வெயிலில் நடந்து மெர்வின் தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.

நான் நினைத்தபடியே எல்லாம் இருந்தது. மெர்வினுடைய சின்ன வண்டிக்குப் பக்கத்தில் பெரிய வண்டி மலைபோல நின்றது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நடுவில் பியூலா. ரிமோட்டை அமுக்கிப் பின்கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். மெர்வின் முகம் செத்துத்தான் போயிருந்தது. இத்தனை நாள் நான் ஏங்கின முகம்!

என்னைப் பார்த்ததும் அந்த முகத்துக்கு உயிர் வந்தது. ஓடிவந்து என் தோளில் கையைப் போட்டான்.

"வாங்க அண்ணாச்சி, பஸ்ஸுலயா வாறீய? பாத்தீயளா, நானும் வாங்கிட்டேன், மதினியும் வாங்கிட்டாவ. நீங்க எப்ப வாங்கப் போறீய?"