பன்னிரண்டு குழிக் கொல்லை

நாற்பது ஆடுகளும் வயிறு முட்டத் தின்றுவிட்டு நின்றன. ஆனால் அம்சத்தின் கொல்லை அப்படியே இருந்தது. அப்படியே என்று சொல்வதுகூடத் தப்பு. முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது.

மிராசுதாரின் காரியஸ்தர் பஞ்சநதம் வேலியோரம் நின்று தலையைச் சொறிந்தார்.

"என்ன ரெத்தினம், உன் ஆட்டுக்கெல்லாம் வாய்ல புண்ணா?"

"புண்ணெல்லாம் இல்லீங்க. கோரை, அருகம்புல்லு எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுடுச்சுங்க. ஆடாதோடையத்தான் மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. நொச்சியும் அப்படித்தான். கற்பூரவல்லி வாசனைக்குத் தும்மலே வந்துடுச்சுங்க."

"ரெண்டு நாளா இங்கதானே அடைச்சு வச்சிருந்தே?"

"ஆமாங்க. புழுக்கையைப் பாருங்க, கொல்லை முழுக்க மெத்தை மாதிரி கிடக்கு. இனிமே செடியெல்லாம் பிச்சுக்கிட்டு வளரும்."

ஆக, பஞ்சநதம் மிராசுதார் செலவில் அம்சத்துக்குக் களையெடுத்து, எருவும் போட்டுக் கொடுத்திருந்தார்.

கீழ்வேளூர்ப் பக்கம் அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் குடியிருப்புச் சட்டம் என்ற பேச்சுதான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலிக்காரர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கப் போகிறார்கள். குடிசையோடு, அதை ஒட்டிப் புழங்கும் கொல்லையும் சேர்த்தி. சும்மா கிடக்கும் தரிசு என்றால் மட்டும் மிராசுதாருக்கே.

மிராசுதார் வைத்தியலிங்கத்துக்கு நிலத்துக்குப் பஞ்சமில்லை. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து வீட்டில் மாட்டைத் தவிர எல்லார் பேரிலும் எழுதி வைத்திருந்தார். இருந்தாலும் தங்கையன் பெண்டாட்டி அம்சத்தின் கொல்லை மேல் அவருக்குக் கண். சாலைக்கும் அவருடைய களத்துக்கும் நடுவில் பன்னிரண்டு குழி, அதாவது நாலு சென்ட். அது கைக்கு வந்தால்தான் நெல் லாரி நேராகக் களத்துக்குள் வரும்.

அம்சமோ அந்தப் பன்னிரண்டு குழியில் பதினொரு வருஷமாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிச் செடி வளர்த்தவள். தெருவில் யாருக்கு இருமல், யாருக்கு மஞ்சள் காமாலை, யார் வீட்டு ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை என்றாலும் அவள் கொல்லைக்குத்தான் வருவார்கள். குடிசை எரிந்தால்கூட வேறு கட்டிக்கொள்வாள். கொல்லை போனால் அவளுக்கு உயிரே போனமாதிரி.

"தரிசுன்னு மனு குடுத்தாச்சு. கார்த்திகை முதல் வாரம் தாசில்தார் வர்றார். அதுக்குள்ள அது தரிசா ஆகியிருக்கணும். இல்லேன்னா நீர் பண்ணைச் சாவிக்கொத்த வச்சுட்டு வேலைய விட்டுப் போயிடும்" என்று மிராசுதார் பஞ்சநதத்திடம் சொல்லியிருந்தார். அப்போது புரட்டாசி கடைசி.

பஞ்சநதத்தின் மூளை சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். ஆட்டு யோசனைகூடத் தூதுவளை ரசத்தின்போது உதித்ததுதான். அன்று மத்தியானம் மனைவி ராசம்மாள் வல்லாரைத் துவையல் வைத்தாள்.

"ஆடு மேயலியாங்க?"

"அதுங்களுக்கு நாக்கு நீளம். கசப்பு ஆகாதாம்."

"பாவம், அந்தச் செடியெல்லாம் வெட்டிக் கண்டந்துண்டமாப் போட்டாத்தான் போகுமாம். அதுவும் மழைக்கு முன்னாடி வெட்டிட்டா அழுகியே போயிடுமாம்."

பஞ்சநதம் நிமிர்ந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது.

"எனக்கு ஒரு யோசனை தோணுது ராசம்" என்றார்.

மறுநாளே நாலு ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். நொச்சி, ஆடாதோடை, புதினா, கற்பூரவல்லி எதையும் விடவில்லை. வெட்டியதை நாலாபக்கமும் வாரி இறைத்தார்கள். சிலது சாலை வரைக்கும் போய் விழுந்தது. பஞ்சநதம் தாமே செருப்புக் காலால் எல்லாவற்றையும் மண்ணோடு சேர்த்து மிதித்தார்.

அம்சம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயா, பெத்த புள்ள மாதிரி வளர்த்தேனே! இப்படிப் பண்ணிப்புட்டீங்களே!"

கூலிக்காரர் சங்கத்து ஆட்களைக் கூட்டிவரக் கிளம்பிய தங்கையனைக்கூட அவள்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பஞ்சநதத்துக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சாவிக்கொத்து இடுப்பில் கனமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் விட்டுவிட்டுக் கொட்டியது. மழை ஓய்ந்து போய்ப் பார்த்தபோது பஞ்சநதம் குடையை நழுவ விட்டார்.

வெட்டிப் போட்ட ஒவ்வொரு துண்டும் வேர்விட்டிருந்தது. கற்பூரவல்லி ஒன்று இருந்த இடத்தில் இருபது. நொச்சிக் குச்சிகள் சாலையோரம் வேலி கட்டினமாதிரி வரிசையாகத் துளிர்த்திருந்தன. அவர் செருப்புத் தடம் பதிந்த இடமெல்லாம் புதினா.

மிராசுதார் காரிலிருந்து இறங்காமலேயே கேட்டார். "யோவ் பஞ்சநதம், அழிக்கச் சொன்னேனா, நடவு நடச் சொன்னேனா?"

"மழை ஏமாத்திடுச்சுங்க எஜமான்."

"இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

அன்று பொன்னாங்கண்ணிக் கூட்டு.

"வேர் விட்டா என்னங்க, தண்ணி தேங்குனா வேர் அழுகாதா?" என்றாள் ராசம்மாள், நெய் விட்டுக்கொண்டே. "வாய்க்கால் தண்ணி உள்ள பூந்துடுமோன்னுதான் பயமாம்."

சாப்பாடு முடிவதற்குள் பஞ்சநதம் மடையைத் திறக்க ஆள் அனுப்பிவிட்டார். வாய்க்கால் தண்ணீர் இரண்டு நாள் கொல்லைக்குள் நின்றது. மூன்றாம் நாள், மேட்டுத்தரை என்பதால், தானே வடிந்துவிட்டது. போகிறபோது அரையடி வண்டலை விட்டுவிட்டுப் போனது. ஏற்கெனவே புழுக்கை. அதன் மேல் வண்டல். ஈரம் கண்ட வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் கால் வைக்க இடமில்லாமல் படர்ந்தன. கரிசலாங்கண்ணி யாரும் விதைக்காமலே வாய்க்காலோடு வந்து சேர்ந்திருந்தது.

இப்போது அது வெறும் கொல்லை இல்லை. வழியில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். கீழ்வேளூரில் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது, "புதினா இவ்வளவு தழைஞ்சு நான் பாத்ததில்ல தாயி. எங்க வீட்டுப் பிரியாணிக்கு இனிமே இதுதான்" என்று அம்சத்திடமே சொல்லிவிட்டுப் போனார்.

தாசில்தார் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. பஞ்சநதத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"இனிமே தரிசுன்னு சொன்னா சின்னக் கொழந்தைகூடச் சிரிக்கும், ராசம்."

"பின்ன எஜமானே வச்சு வளத்த தோட்டம்னு சொல்லிட வேண்டியதுதானே? முப்பத்தோரு தினுசு செடி இருக்காம். பேரெல்லாம் எனக்கே மனப்பாடம்."

பஞ்சநதம் இலையிலிருந்து எழுந்தேவிட்டார். "ராசம், ஒரு பிரமாதமான யோசனை தோணிடுச்சு! ஒரு காகிதம் எடு!"

ராசம்மாள் சொல்லச்சொல்ல முப்பத்தோரு பெயரையும் எழுதினார். 'மேற்படி மூலிகைகள் யாவும் அடியிற் கையெழுத்திட்டுள்ள என்னால் என் சொந்தப் பராமரிப்பில் வளர்க்கப்பட்டு வருபவை' என்று முடித்தார். மிராசுதார் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகை மூன்றாம் தேதி தாசில்தார் வந்தார். ஊரே வந்து நின்றது. தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் மனுவையும் இரண்டாம் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"புரட்டாசியில தரிசு. கார்த்திகையில தோட்டம். ஒன்றரை மாசத்துல முப்பத்தோரு செடியை நீங்களே வளத்துட்டீங்களா சார்?"

மிராசுதார் பஞ்சநதத்தைப் பார்த்தார்.

"மொதல்ல குடுத்தது எழுத்துப் பிழைங்க" என்றார் பஞ்சநதம்.

"சரி, தோட்டம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இனி யார் வச்ச தோட்டம்ங்கறது ஒண்ணுதான் கேள்வி." தாசில்தார் பட்டியலில் விரல் வைத்தார். "பதினாலாவது, கீழாநெல்லி. கொஞ்சம் காட்டுங்க."

மிராசுதார் வானத்தைப் பார்த்தார். பஞ்சநதம் குனிந்து, தேடி, ஒரு செடியைத் தைரியமாகத் தொட்டுக் காட்டினார்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது கரிசலாங்கண்ணிங்கய்யா" என்றாள் அம்சம். "நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க பாருங்க, அதுதான் கீழாநெல்லி."

பஞ்சநதம் சூடுபட்டவர் மாதிரி காலைத் தூக்கினார்.

"நீ சொல்லும்மா" என்றார் தாசில்தார்.

அம்சம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். பட்டியலைப் பார்க்கவில்லை, செடியைத்தான் பார்த்தாள். எது காமாலைக்கு, எது நெஞ்சுச் சளிக்கு, எதைத் துவையல் அரைக்கலாம், எதைத் தொட்டால் முள் குத்தும், எல்லாம் சொன்னாள். எந்த வருஷம் எங்கிருந்து கொண்டுவந்து வைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். முப்பத்தொன்றும் முடிந்த பிறகு வேலியோரம் குனிந்து ஒன்றைக் காட்டினாள்.

"இது பிரண்டைங்கய்யா. எஜமான் பட்டியல்ல விட்டுப் போச்சு."

தாசில்தாரே சிரித்துவிட்டார். சங்கிலி பிடித்து அளந்தார்கள். செடி நிற்கிற இடம் வரைக்கும் கொல்லை என்று கணக்கு. பஞ்சநதத்தின் ஆட்கள் வாரி இறைத்ததெல்லாம் வேலி தாண்டிப் பண்ணை நிலத்திலும் சாலை வரைக்கும் தழைத்து நின்றதால் பன்னிரண்டு குழி இருபது குழியாகிவிட்டது.

"இனிமே இந்த மண்ண விட்டுப் போன்னு எவரும் சொல்ல முடியாதுங்களாய்யா?" என்று கேட்டாள் அம்சம்.

"முடியாதும்மா. பட்டா உன் பேர்லயும் உன் வீட்டுக்காரர் பேர்லயும் வரும்."

அம்சம் அழவில்லை. ஊர் கேட்க வாய்விட்டுச் சிரித்தாள். தங்கையன் துண்டை மேலே வீசிப் பிடித்தான். அன்று அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் உலை தனியாக வைக்கவில்லை. எல்லோருக்கும் அம்சம் வீட்டில்தான் சாப்பாடு.

மிராசுதார் அங்கேயே சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் ஆள்விட்டுத் திருப்பியும் கொடுத்தார். எந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்பது பஞ்சநதம் ஒருவருக்குத்தானே தெரியும்!

அன்று மத்தியானம் பஞ்சநதம் நிம்மதியாக இலைமுன் உட்கார்ந்தார். தூதுவளை ரசம் மணந்தது. இரண்டு கை உறிஞ்சிவிட்டு, ஆட்டில் தொடங்கி மனு வரைக்கும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாக அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் ராசம், ஆடு, அரிவாளு, வாய்க்கால் தண்ணி, அந்த முப்பத்தோரு பேரு... வீட்ட விட்டு வெளிய வராத உனக்கு இதெல்லாம் எப்படித் தோணுச்சு?"

ராசம்மாள் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"எனக்கு எங்கங்க தோணும்? தினம் நம்ம வீட்டுக் கொல்லைப் பக்கமா கீரை குடுக்க வரப்போ அம்சம்தான் சொல்லிச் சொல்லி அழுவா, 'இத மட்டும் பண்ணிட்டா என் கொல்லையே போயிடும்மா, தயவுபண்ணி ஐயா காதுல போட்டுடாதீங்க'ன்னு."