முதன்முதலில் மேலே போனவர்

பாறை ஏறுகிறவர்கள் பாறை ஏறிய வரலாற்றைப் படித்தே தீரவேண்டும் என்று பாறையேற்ற ஒழுங்குமுறை அலுவலகம் ஆணை பிறப்பித்தது. ஏதோ கூட்டத்தில் யாரோ இயக்குநரிடம், "செங்குத்துப் பாறையில முதல்ல ஏறினது யாரு சார்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்கள். இயக்குநருக்குத் தெரியவில்லை. ஆகவே மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவானது.

உடும்பு அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கிறவள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அந்தப் பெயர். "படிக்கட்டுமே! எந்தக் கல்லு பேந்து யார் விழுந்தாங்கன்னு தெரிஞ்சா நல்லதுதானே?" என்றாள். பாவம், அலுவலகம் போட்ட புத்தகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டாள். அதில் கல்லும் இல்லை, கயிறும் இல்லை. இதுவரை இருந்த இயக்குநர்களின் படங்கள்தான் நாற்பது பக்கத்துக்கு.

படித்ததற்குத் தேர்வும் உண்டு; தேறாவிட்டால் உரிமம் ரத்து. வேறு பிழைப்பு அவளுக்குத் தெரியாது. விழுந்து விழுந்து படித்தாள். பாறையில்கூட அத்தனை தடவை விழுந்ததில்லை. செங்குத்துப் பாறை அத்தியாயத்தை மட்டும், நமக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாள்.

ரெண்டே மார்க்கில் கோட்டை விட்டாள். அலுவலகத்துக்கு ஓடினாள்.

கண்காணிப்பாளர் விடைத்தாளைப் புரட்டினார். "பதினேழாவது கேள்வி. செங்குத்துப் பாறையின் முதல் வீராங்கனை உடும்பு அவர்கள் காலமான தேதி. என்ன எழுதியிருக்கீங்க?"

"'இன்னும் ஆகலை'ன்னு."

"தப்பு."

"ஐயோ, அந்த உடும்பே நான்தாங்க!"

அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எழுதிக் கொடுத்தவர் 'முதன்முதலில் மேலே போனவர்' என்றுதான் எழுதியிருந்தாராம். இவ்வளவு பெரிய ஆளைப்பற்றி இப்படி மரியாதையில்லாமல் எழுதலாமா என்று பதிப்புக்குழு மூன்று அமர்வுகள் விவாதித்து, 'இயற்கை எய்தியவர்' என்று திருத்தியிருந்தது. அவள் உச்சி தொட்ட தேதி அப்படியே நினைவு நாளாகிவிட்டது.

"அப்போ மாத்திடுங்க."

"தாராளமா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல வந்து மனு கொடுக்கணும்."

"வந்திருக்கேனே!"

"காலமானவங்க எப்படிம்மா வருவாங்க?" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "பேசாம மறுதேர்வு எழுதுங்க."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய? எழுதினாள், தேதியோடு. நூற்றுக்கு நூறு. உரிமம் வந்தது, வரலாற்றறிவைப் பாராட்டி ஒரு பத்திரமும் வந்தது.

மறுநாள் பாறையடியில் பன்னிரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். அப்போதைய நாகரிகப்படி எல்லார் பனியனிலும் 'அமரர் உடும்பு' என்று அச்சடித்திருந்தது.

"கயிறு அப்புறம். முதல்ல நோட்டை எடுங்க," என்று அக்கா, உடும்பு காலமான தேதியைச் சொன்னாள்.

"அக்கா, அது நீங்கதானே?" என்றாள் முன்னால் நின்ற பெண்.

"ஆமாடி. பாறையில உசிரோட இருக்கேன், பரீட்சையில செத்துட்டேன். பேசாம எழுது, ரெண்டு மார்க்கு."

அவள் எழுதினாள். அடிக்கோடும் போட்டாள். பிறகு கவலையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிச் செத்தீங்கன்னும் கேப்பாங்களா அக்கா?"